டீசல் குடித்த குழாய்

குழாயைத் திறந்த வேகத்தில் ரிஃபாத் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் அதிலிருந்து கிளம்பிய வாடை, லாரி ஓட்டுநர் ஒரு மாதமாகத் துவைக்காத கைத்துணியைப் பிழிந்து கொடுத்தது போல, நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. காலையில் சாப்பிட்ட அவரைப் பருப்பு மேலே வரலாமா என்று யோசித்தது.

"உஸ்தாத், ரெண்டு பாட்டில் பிடிச்சுக்கட்டுமா?" என்றாள் ஜான்ஸெத். "என் வண்டி இர்பித் வரைக்கும் ஓடிடும்."

"மூடு."

"வாயையா, குழாயையா?"

"ரெண்டையும்."

பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளை முகர்ந்து பார்த்துக் காலம் தள்ளியவர் ரிஃபாத். தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்தாரா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஜான்ஸெத் அவருடைய ஓட்டுநர், உதவியாளர், அவ்வப்போது தலைவலி. அம்மான் நகரத்துச் செர்க்கேசியக் குடும்பத்துப் பெண். முப்பது வயது. எதற்கும் பயப்படாத நாக்கு.

அவர்கள் நின்றிருந்தது அதே நகரத்தின் ஜபல் வைப்தே பகுதியில் ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் கீழ்வீடு. வீட்டுக்காரர் ஷஃபீக்குக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து நாள் முன்னால் வாந்தி எடுத்து எடுத்து மயங்கி விழுந்து, இப்போது மருத்துவமனையில் கிடக்கிறார். குடித்த தண்ணீரில் டீசல் என்று டாக்டர் எழுதிவிட்டார். உடனே மகன் நிஸார் போலீசுக்குப் போனான். "பிளம்பர் யுஸ்ரிதான். தரைக்கல்லை உடைச்சதுக்கு அப்பா தெருவே கேக்கறாப்ல திட்டினார். அந்த ஆத்திரம்."

யுஸ்ரியின் வேனில் டீசல் டப்பா இருந்தது. துருப்பிடித்த மரையை இளக்க எல்லாப் பிளம்பரும் வைத்திருப்பதுதான். போலீசுக்கு அது போதுமாக இருந்தது. நாளைக் காலை அவனை நீதிபதி முன்னால் நிறுத்தி, பெரிய சிறைக்கு அனுப்பப் போகிறார்கள். அவன் மனைவி உம் ஹானி நேற்று ரிஃபாத்தின் அறைக்கு வந்து, அழாமல், ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "என் புருஷன் அடுத்தவன் வீட்டுத் தண்ணிக்கு முன்னாடி கை கழுவிட்டுத்தான் நிப்பான், உஸ்தாத்."

"மொட்டை மாடித் தொட்டியில என்ன வாடை இருந்துச்சு?" என்று கேட்டார் ரிஃபாத்.

"ஒண்ணுமில்ல. நானே ஒரு கை அள்ளிக் குடிச்சேன். நாலு வீட்டுக்கு நாலு தொட்டி. இவரு தொட்டியும் சுத்தம்தான்."

"மேல சுத்தம். கீழ டீசல்."

"நடுவுல எவனோ குழாய்க்குள்ள குந்திக்கிட்டு ஊத்தறான்."

"ஓட்டை இருந்தா உள்ள போறதுக்கு முன்னாடி தண்ணி வெளிய வரும். காலையிலேர்ந்து குழாயெல்லாம் மூடி வச்சுப் பார்த்தோம். தொட்டியில ஒரு விரல்கூட இறங்கல." ரிஃபாத் தாடையைச் சொறிந்தார். "கசியாத குழாய்க்குள்ள டீசல் எப்படி நுழைஞ்சுது?"

ஜான்ஸெத் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்தாள். திரைத்துணியை விலக்கினாள்.

உள்ளே ஐந்து காப்பிக் கிண்டிகள். ஐந்தும் அடி தீய்ந்து, கரி பிடித்து, செய்தித்தாளில் சுற்றி ஒளித்து வைக்கப்பட்டிருந்தன.

"இவரு என்ன வேலை பார்த்தாரு?" என்றாள்.

"ஊருக்குள்ள காப்பிக்கொட்டை வறுத்து வித்தவர். நாற்பது வருஷம்."

"காப்பிக்காரர் வீட்டுல காப்பி இப்படித் தீயுமா? எங்க அத்தை சமையல்கூட இவ்ளோ மோசமில்ல."

ரிஃபாத் ஒரு கிண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதைத் திரும்ப அதே தாளில் சுற்றி, அதே இடத்தில் வைத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். மேல்மாடி மேடம் ஆர்பி. ஆர்மீனியக் கிழவி, கையில் பூவாளி, தலையில் சுருட்டிய முடி. ஷஃபீக் மயங்கி விழுந்தபோது ஆளைக் கூப்பிட்டவர் இவர்தான்.

"ரெண்டு மாசம் நான் என் மகளோட பெய்ரூட்ல இருந்தேன், மகனே. திரும்பி வந்து அவருக்குக் காப்பி போடலாம்னு அடுப்புல தண்ணி வச்சேன். ஆவி கிளம்பினதும் பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி இருந்துச்சு. 'ஷஃபீக், இதையா குடிக்கறே?'ன்னு கத்தினேன். அப்பவே அவர் முகம் பச்சையாத்தான் இருந்துச்சு."

"இவ்வளவு வாடையோட எப்படி அத்தனை நாள் குடிச்சார்?"

ஆர்பி பூவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அதை அவர்கிட்டதான் கேக்கணும். என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

"வீட்டுல வேற குடிதண்ணி இல்லையா?"

"இருந்துச்சே! பையன் நிஸார் வாரா வாரம் கடைத்தண்ணி கேன் அனுப்புவான். 'நோயாளிதான் கடைத்தண்ணி குடிப்பான், எனக்கென்ன கேடு'ன்னு அவர் அதை அப்படியே என் வாசல்ல வச்சுருவார். ஊர்லேர்ந்து வந்து பார்த்தா வாசல் நிறையக் கேன். மூடியெல்லாம் என் ஜெரேனியம் பூந்தொட்டிக்கு அடித்தட்டு ஆக்கிட்டேன். பச்சைப் பனைமரம் போட்ட மூடி, அழகா இருக்கு."

"நல்ல பிள்ளை" என்றாள் ஜான்ஸெத். "என் அண்ணன் எனக்கு அனுப்பறது பெட்ரோல் பில் மட்டும்தான்."

*

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஜான்ஸெத் பின்சீட்டிலிருந்து பையை இழுத்தாள். எள் ரொட்டி, டப்பியில் அடைத்த வெள்ளைப் பாலாடைக்கட்டி. ரொட்டியில் ஒரு கடி கடித்தாள். கண்கள் விரிந்தன. ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். மறுபடியும் துப்பினாள்.

"தூ! சீ! இது ரொட்டியா, எங்க சித்தியோட அலமாரியா?"

ரிஃபாத் பையை எட்டிப் பார்த்தார். ரொட்டி தனி நைலான் பையில், வாய் முடிச்சுப் போட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நைலான் பை. அதுவும் முடிச்சுப் போட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாக அந்துருண்டைகள்.

"கம்பளத்துக்கு வாங்கினேன், உஸ்தாத். நேத்திலேர்ந்து வெயில்ல கிடக்கு. ஆனா ரெண்டு பையும் கட்டித்தானே இருக்கு? ஓட்டைகூட இல்ல."

"பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டுப் பாரு."

"என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?"

"சாப்பிடு."

ஒரு துண்டை நாக்கில் வைத்தாள். முகம் சுளிக்கத் தயாராக இருந்தது. சுளிக்கவில்லை. "இது நல்லா இருக்கே."

"அது தகர டப்பி." ரிஃபாத் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். "தகரத்துக்குள்ள வாடை போகாது. நைலானுக்குள்ள போகும். ஓட்டை வேணாம், பிளாஸ்டிக்கோட உடம்பு வழியாவே போகும். அந்தக் கீழ்வீட்டுக் குழாய் எது வழியா வருது?"

"வெளிச்சுவர்ல இறங்கி, பாய்லர் அறைத் தரைக்கடியில போய்..." அவள் வாயிலிருந்த கட்டியை விழுங்கினாள். "பாய்லர் அறையிலதான் டீசல் தொட்டி இருக்கு."

பாய்லர் அறைச் சாவி ஷஃபீக்கின் வாசல் ஆணியில் தொங்கியது. உள்ளே போனதும் ரிஃபாத் மறுபடி மூக்கைப் பொத்தினார். பழைய டீசல் தொட்டியின் அடிப்பக்கம் வருஷக்கணக்காகக் கசிந்து, தரைக்கல் இடுக்கெல்லாம் கறுத்துப் போயிருந்தது. ஜான்ஸெத் கடப்பாரையால் இரண்டு கல்லைப் பெயர்த்தாள். அடியில் மண் தார் போல் மினுங்கியது. அந்த மண்ணில், குப்பைக்குள் நெளியும் பாம்பு மாதிரி, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்.

"யுஸ்ரி போலீஸ்ல என்ன சொன்னான்?"

ஜான்ஸெத் போலீசிலிருந்து இப்போதுதான் வந்திருந்த வாக்குமூலத்தைக் கைப்பேசியில் திறந்து படித்தாள். "'வீட்டுக்குள்ள வெள்ளைக் குழாய் போட்டேன். பாய்லர் அறைக்கடியில மட்டும் இரும்பு போட்டேன். மண்ணுல டீசல் ஊறியிருக்கு, இங்க பிளாஸ்டிக் போட்டா வாடை உள்ள இறங்கிடும்னு ஹாஜி ஷஃபீக்குக்கும் அவர் மகனுக்கும் நின்னு விளக்கினேன்.' ஏப்ரல் முதல் வாரம் வேலை முடிஞ்சுது. ஆனா உஸ்தாத், இதோ கண்ணு முன்னாடி பிளாஸ்டிக் கிடக்கே. பொய் சொல்லிட்டானோ?"

ரிஃபாத் கைக்குட்டையால் குழாயைத் துடைத்தார். கறுப்பு உடம்பில் வெள்ளை எழுத்து வரிசையாக வந்தது. கம்பெனிப் பெயர், அளவு, அழுத்தம். கடைசியில் தயாரித்த தேதி: மே 11.

"ஏப்ரல்ல போட்ட குழாய் மே மாசம் பொறந்திருக்கு" என்றார்.

"அவனே மறுபடி வந்து மாத்தியிருந்தா?"

"இணைப்பைப் பாரு. இந்தக் கறுப்புக் குழாய் மூட்டைக் கையால திருகினாலே போதும். இவன் குறடு போட்டு முறுக்கி, மூட்டோட பல்லையெல்லாம் கடிச்சுத் துப்பியிருக்கான். பிளம்பர் செய்ய மாட்டான். குழாயைத் தொட்டே பழகாதவன் செஞ்ச வேலை."

பாய்லருக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், யுஸ்ரி போட்ட இரும்புக் குழாய் கிடந்தது. புத்தம் புதிதாக. அடைப்புக் கதவை மூடி, குழாயில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டார் ரிஃபாத். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினார். வாடை போகவில்லை.

*

அந்தக் கம்பெனிக் குழாயை ஊருக்குள் விற்பவர் ஒருவர்தான். மஹத்தா பக்கம் அபூ ஜமீல். மேசைமேல் இனிப்புத் தேநீர், பின்னால் கூரை வரை குழாய்க் காடு. ரிஃபாத் துண்டை மேசையில் வைத்ததும் அவர் மூக்கைச் சுருக்கினார்.

"என் சரக்குதான். ஆனா இப்படி நாறவச்சது நான் இல்ல. வீட்டுக்கு என்ன வேணும், சொல்லுங்க. தாமிரமா? நூறு வருஷம் நிக்கும், அதுக்குள்ள திருடன் சுவரை இடிச்சுக் கழட்டிட்டுப் போயிருவான். இரும்பா? உறுதி, ஆனா வயசானா உள்ள துரு ஏறித் தண்ணி தேநீர்க் கலர்ல வரும். வெள்ளைக் குழாய், சூடு வச்சு ஒட்டறது, வீட்டுக்குள்ள ராஜா. வெளிய வெயில்ல போட்டா ரெண்டே கோடை, காஞ்ச ரொட்டி. கறுப்பு, வெயிலுக்கு அசையாது, வளையும், விலை கம்மி. ஆனா எண்ணெய் ஊறின மண்ணு பக்கம் கொண்டு போகக் கூடாது."

"இதை நீங்க எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?"

"கேக்கறவங்ககிட்ட சொல்வேன்."

"கறுப்புக் குழாய் பத்தி, குறிப்பா டீசல் பத்தி, யாராவது கேட்டாங்களா? மே மாசம்?"

அபூ ஜமீல் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு ரிஃபாத்துக்குப் பிடிக்கவில்லை.

"ஒருத்தன் வந்தான். நல்ல சட்டை, ரெண்டு கைப்பேசி, செண்ட் வாடை கடை முழுக்க. முப்பது வருஷமா ஜனங்க 'எந்தக் குழாய் நல்லது'ன்னு என்னைக் கேட்டிருக்காங்க. இவன் மட்டும் 'எந்தக் குழாய் மோசம்'னு கேட்டான். டீசல் ஊறின மண்ணுல எதைப் போட்டா வாடை சீக்கிரம் உள்ள வரும்னு. அஞ்சு மீட்டர் கறுப்பு வாங்கிட்டுப் போனான்."

"நீங்க குடுத்தீங்க."

"வாங்க வந்தான், வித்தேன். அவன் வீட்டு மண்ணு, அவன் குழாய்."

"குடிக்கற தண்ணி."

அபூ ஜமீல் தோளைக் குலுக்கினார். மேசையில் வைத்த தேநீரை ரிஃபாத் தொடவே இல்லை.

"என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"மே 25 நம்ம சுதந்திர தினம், அதுக்கு முந்தின நாள். கொடி கட்டிக்கிட்டு இருந்தேன். ஆமா, போகும்போது இன்னொண்ணும் கேட்டான். பக்கத்துல நல்ல குடிதண்ணி கேன் எங்க கிடைக்கும்னு. எதிர்க்கடையைக் காட்டினேன்."

ரிஃபாத் திரும்பிப் பார்த்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர்க் கடை. பலகையில் பச்சைப் பனைமரம்.

ஜான்ஸெத் அதற்குள் மேடம் ஆர்பிக்கு எண்ணைச் சுழற்றிவிட்டாள். "மேடம், உங்க ஜெரேனியம் தொட்டியெல்லாம் ஒருதரம் தூக்குங்க. மூடியில நிரப்பின தேதி போட்டிருப்பான். இருக்கறதுலயே பழசு எது?" காத்திருந்தாள். ஒவ்வொரு தொட்டியாக நகரும் சத்தம் கேட்டது. பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மே 24, உஸ்தாத். குழாய் வாங்கின அதே நாள். தண்ணி கெட்டுப் போறதுக்கு முன்னாடியே நல்ல தண்ணி வாங்கிட்டான்."

ரிஃபாத் அபூ ஜமீலைப் பார்த்தார். "கடையைப் பூட்டுங்க. ஒரு முகத்தை அடையாளம் காட்டணும்."

"எனக்கு வியாபாரம்..."

"உங்க வியாபாரம் ஒரு கிழவர் வயித்துக்குள்ள இருக்கு. வாங்க."

*

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிஸார் இரண்டு கைப்பேசிகளோடு நடந்துகொண்டிருந்தான். நாற்பது வயது. மடிப்புக் கலையாத சட்டை. அவன் போட்டிருந்த செண்ட் பத்தடி தூரத்திலேயே வந்து கையைக் குலுக்கியது. இன்று முகர்ந்த வாடைகளிலேயே இதுதான் தாங்க முடியாதது என்று ரிஃபாத்துக்குத் தோன்றியது.

"அந்தப் பிளம்பர் ஒத்துக்கிட்டானா?"

ரிஃபாத் கறுப்புக் குழாய்த் துண்டை நாற்காலியின் மேல் வைத்தார்.

நிஸார் அதைப் பார்த்தான். உடனே கைப்பேசியைப் பார்த்தான். "என்ன இது?"

"அஞ்சு மீட்டர்ல ஒரு சாண். மிச்சத்தை போலீஸ் வந்து எடுக்கும். இதை வித்தவர் லிஃப்ட் பக்கத்துல நிக்கறார். ஏற்கனவே உங்களைப் பார்த்துட்டார், தலையும் ஆட்டிட்டார்."

நிஸார் லிஃப்ட் பக்கம் திரும்பினான். அபூ ஜமீல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊர்ல ஆயிரம் பேர் குழாய் வாங்கறான்."

"வாங்கறான். நல்ல குழாய் கேட்டு வாங்கறான். எதிர்க்கடையில அன்னைக்கே தண்ணி கேனும் வாங்கினது ஒருத்தன்தான்" என்றாள் ஜான்ஸெத். "அப்பாவுக்கு விஷக் குழாய், அப்பாவுக்கே நல்ல தண்ணி. ரெண்டையும் ஒரே நடையில முடிச்சிருக்கீங்க."

நிஸார் உட்கார்ந்துவிட்டான். குழாய்த் துண்டின் பக்கத்து நாற்காலியில். யாரோ தனக்கு அநியாயம் செய்துவிட்டது போலப் பேசினான்.

"அந்த வீட்டைத் தோட்டத்தோட எடுத்துக் காப்பிக் கடை வைக்க ஆள் காத்துக்கிட்டு இருக்கான். ஒரு வருஷமாக் கெஞ்சறேன். 'என் பிணம்தான் போகும்'ங்கறார். நான் அவரைக் கொல்லவா பார்த்தேன்? ஒரு வாடை! அவ்வளவுதான். வாடை தாங்காம என் வீட்டுக்கு வந்துருவார்னு நினைச்சேன். எங்கப்பா மூக்கு உங்களுக்குத் தெரியாது. பால் திரிஞ்சா தெருமுனையிலேர்ந்து சொல்லுவார். கப்புல சோப்பு வாசனை வந்தா தூக்கி எறிவார். ஒரு நாள் பொறுக்க மாட்டார். குடிக்கறதுக்குத்தான் நல்ல தண்ணி அனுப்பினேனே! அவர் ஏன் அதைக் குடிச்சுத் தொலைச்சார்?"

சொந்தக் கடைக்குத் தீ வைத்தவர்களை ரிஃபாத் பார்த்திருக்கிறார். உள்ளே காவலாளி தூங்குவது தெரிந்தும் வைத்தவனைப் பார்த்திருக்கிறார். அவர்கள்கூட 'அனுப்பினேனே' என்று கணக்குக் காட்டவில்லை.

"கடைசியா எப்ப அவர் பக்கத்துல உட்கார்ந்து காப்பி குடிச்சீங்க?"

"எனக்கு ஆயிரம் வேலை. கேன்கூட டிரைவர்தான் கொண்டு போவான்."

"எப்ப?"

நிஸார் கைப்பேசியில் தேதியைத் தேடினான்.

"உங்கப்பா அடுப்புல வச்ச காப்பி அஞ்சு தரம் தீஞ்சு கரியாகியிருக்கு. பக்கத்துல உட்கார்ந்திருந்தும் அவருக்குத் தெரியல. கிண்டியையெல்லாம் தாள்ல சுத்தி ஒளிச்சு வச்சிருக்கார். நாற்பது வருஷம் மூக்கை வச்சுப் பிழைச்ச மனுஷன், மூக்கு போச்சுன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டிருக்கார். வரும்போது மேடம் ஆர்பிகிட்ட போன்ல கேட்டேன். ஒரு அப்பாவி உள்ள கிடக்கான்னதும் சத்தியத்தை விட்டுட்டுச் சொன்னாங்க. ரெண்டு வருஷமாம். ஒரு காய்ச்சலோட போனது." ரிஃபாத் குரலை உயர்த்தவில்லை. "உங்க வாடை அவருக்கு வரவே இல்ல, நிஸார். டீசல் மட்டும்தான் போச்சு."

நிஸாரின் கையிலிருந்த கைப்பேசி அடித்தது. இரண்டாவதும் அடித்தது. இரண்டையும் அவன் எடுக்கவில்லை.

ரிஃபாத் கூப்பிட்ட அரை மணியில் விசாரணை அதிகாரி வந்தார். அபூ ஜமீலிடம் கேட்டார், மேடம் ஆர்பி அனுப்பிய மூடியின் படத்தைப் பார்த்தார், குழாயின் தேதியை இரண்டு தரம் படித்தார். பிறகு காவல் நிலையத்துக்குப் பேசினார். சாயங்காலத்துக்குள் யுஸ்ரி வீட்டில் இருப்பான். ஜான்ஸெத் உம் ஹானிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அவ இப்பத்தான் அழறா" என்றாள்.

அதற்குப் பிறகு ஷஃபீக்கின் அறைக்குப் போனார்கள். கையில் ஊசிக்குழாய், உதடெல்லாம் வெடித்திருந்தது. அதிகாரி கட்டிலுக்கருகில் நின்று, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குழாய் மாற்றியது யார் என்ற இடத்தில் மட்டும் போர்வையை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"ஹாஜி, புகார் இனி உங்க பேர்ல இருக்கணும். வேண்டாம்னாலும் சொல்லுங்க. சொந்தப் பிள்ளை, யோசிக்கத்தான் தோணும்."

"அந்தப் பிளம்பர் எத்தனை நாள் உள்ள இருந்தான்?"

"நாலு நாள்."

"பேனாவைக் குடுங்க."

கையெழுத்துப் போட்டார். அதிகாரி தாளை எடுக்கப் போனார். கிழவர் விடவில்லை. ரிஃபாத்தைப் பார்த்தார்.

"எனக்கு மணம் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது, ஹாஜி. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

ஷஃபீக் தாளை அதிகாரியிடம் நீட்டினார்.

"என் மூக்கு போய் ரெண்டு வருஷமாச்சு, என் பிள்ளைக்கு அது தெரியாதுன்னு அதையும் எழுதுங்க" என்றார். "எழுதினப்புறம் எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டுங்க."